அக்கா கடையின் மேல் ஒரு லாரி

என் பெண்டாட்டி என் அக்காவின் கடை மேல் ஒரு லாரியைக் கொண்டுபோய் நிறுத்தினாள். நிஜ லாரி இல்லை, காகிதத்தில்தான். ஆனால் அது கிளப்பிய புழுதி இருக்கிறதே, அப்பப்பா! இருபத்தாறு வருஷமாக வண்டி ஓட்டுகிறேன், எந்த மண்ரோட்டிலும் நான் பார்க்காத புழுதி.

இருங்கள், ஒழுங்காகச் சொல்கிறேன். எனக்கு எதையும் நடுவிலிருந்து ஆரம்பிக்கிற கெட்ட பழக்கம் உண்டு.

என் பெண்டாட்டி கட்டட பிளான் போட்டுக் கொடுக்கும் அலுவலகம் ஒன்றில் வரைகிறவள். இருபத்திரண்டு வருஷமாக அங்கே அவளுக்கு ஒரே வேலை. புதிதாக எழும்பப்போகும் கட்டடத்தில் கார் எங்கே நிற்கும், பைக் எங்கே நிற்கும், சரக்கு லாரி எங்கே வந்து இறக்கிவிட்டுப் போகும் என்று வரைவது. இத்தனை சதுர மீட்டருக்கு இத்தனை கார், இத்தனை பெரிய கட்டடத்துக்கு ஒரு லாரி என்று மாநகராட்சி ஒரு தடிப் புத்தகம் வைத்திருக்கிறது. அதில் ஒன்று குறைந்தாலும் ‘போய் வா’ என்று பிளானைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மற்றவர்கள் முகப்பு வரைவார்கள், பால்கனி வரைவார்கள். இவள் வண்டிக்கு வண்டி ஒரு கட்டம் போடுவாள். அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே ‘கட்டம் மேடம்’.

இந்த வேலையை யாரும் ஆசைப்பட்டுச் செய்ய மாட்டார்கள். இவள் ஆசைப்பட்டுச் செய்தாள். உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனால் எல்லாரும் மேலே மண்டபத்துக்குப் போவார்கள். இவள் பட்டுப்புடவையோடு கீழே பார்க்கிங்கில் தூண் எண்ணிக்கொண்டிருப்பாள். “என்னங்க, இங்க பாருங்க, இந்தத் தூணுக்குப் பக்கத்துல கார் நிறுத்தினா டிரைவர் எப்படி எறங்குவாரு? கதவு தொறக்காதே! எந்தப் புண்ணியவான் போட்டான் இதை?” என்று எனக்குப் போன் வரும். நான் சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்திருப்பேன்.

நாங்கள் சந்தித்ததும் அப்படி ஒரு தூணால்தான். ஒரு புதுக் கட்டடத்துக்கு அலமாரிகள் ஏற்றிக்கொண்டு போனேன். கீழ்த்தளத்துக்கு இறங்கும் சரிவில் வண்டி வசமாக மாட்டிக்கொண்டது. முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. நான் தலையை வெளியே நீட்டி, “எந்தக் கிறுக்குய்யா இதை வரைஞ்சது?” என்று கத்தினேன். கையில் அளவு நாடாவோடு ஒரு பெண் வந்து நின்று, “நான்தான் வரைஞ்சேன். தப்பாயிடுச்சு. உங்க வண்டி எவ்வளவு நீளம்?” என்றாள். இருபத்தாறு வருஷத்தில் ‘தப்பாயிடுச்சு’ என்று ஒத்துக்கொண்ட ஒரே ஆள் அவள்தான். விடுவேனா? அடுத்த வருஷமே கல்யாணம் பண்ணிக்கொண்டேன்.

அக்காவுக்கு வருகிறேன். என் அக்கா மெயின் ரோட்டில் ஒரு பழைய கட்டடத்தின் தரைத்தளத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். வரிசையாக ஏழு கடைகள், அதில் கடைசி அவளுடையது. மாநகராட்சி அலுவலகம் எதிர்ச் சாரியில் இருப்பதால் பெரிய பிளான் தாள் அச்சடிக்கும் மெஷின் ஒன்றும் வாங்கிப் போட்டிருக்கிறாள். அவள் புருஷன் போன பிறகு இரண்டு பெண்களைப் படிக்க வைத்தது அந்த மெஷின்தான். ஊரில் எந்தக் கட்டடம் எழும்புவதானாலும் அதன் பிளான் அவள் கையில்தான் முதலில் சூடாக வந்து விழும்.

அந்தப் பழைய கட்டடத்தை இடித்துவிட்டு ஆறு மாடி கட்டப்போகிறார்கள். “பழைய கடைக்காரங்க எல்லாருக்கும் தரைத்தளத்துலேயே எடம், பிளான் ஒத்துழைச்சா” என்று கட்டட முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். பிளான் போடுகிற வேலை என் பெண்டாட்டியின் அலுவலகத்துக்கு வந்தது. அலுவலகம் வழக்கம்போல அச்சடிக்க அக்கா கடைக்கு அனுப்பியது. ஒரு திங்கட்கிழமை காலை, அக்காவின் மெஷினிலிருந்தே அந்தத் தாள் வெளியே வந்தது. அவள் கடைகளை எண்ணினாள். ஆறு. மறுபடி எண்ணினாள். ஆறேதான்! ஏழாவது இருக்க வேண்டிய இடத்தில் சாய்ந்த கோடுகள் போட்டு, ‘சரக்கு ஏற்றி இறக்கும் இடம்’ என்று எழுதி, உள்ளே ஒரு லாரி.

பத்து நிமிஷத்தில் கடையைச் சாத்திவிட்டு எங்கள் வீட்டில் நின்றாள். கையில் சுருட்டிய பிளான். எனக்கு அன்று லோடு இல்லை, வசமாக வீட்டில் மாட்டிக்கொண்டேன். என் பெண்டாட்டி அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

“யாரு வரைஞ்சது இது?”

“நான்தான் அண்ணி.”

“என் கடை எங்க?”

“அண்ணி, அவ்வளவு பெரிய கட்டடத்துக்கு ஒரு லாரிக்கு எடம் விட்டே ஆகணும். விதி அப்படி. லாரி ரோட்டுல நின்னு எறக்கக் கூடாது.”

“லாரி ரோட்டுல நிக்கக் கூடாது. நான் நிக்கலாமா?”

“மூணாவது மாடியில உங்களுக்கு ஒரு ரூம்...”

“மூணாவது மாடி ஏறி எவன்மா ஒரு ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எடுப்பான்? சொல்லேன்! டேய் தம்பி, நீயும் லாரிக்காரன்தானே, இவளும் லாரிக்காரி ஆயிட்டா. ரெண்டு பேரும் சேர்ந்து என்னை ஏத்திட்டீங்க!”

நான் வாயைத் திறக்கவில்லை. இந்த மாதிரி நேரத்தில் வாயைத் திறக்கிற ஆண்பிள்ளை முட்டாள். அக்கா அழவில்லை. அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. பிளானை மேஜை மேல் போட்டுவிட்டு, “வெள்ளிக்கிழமை மத்தியானம் மாநகராட்சியில பிளான் பாஸ் பண்ற கூட்டம்னு சொன்னாங்க. அன்னைக்கு என் கடைக்கு முடிவு கட்டப் போறீங்க. கட்டுங்க” என்று சொல்லிப் போய்விட்டாள்.

உண்மையைச் சொல்ல வேண்டும். என் பெண்டாட்டி வேண்டுமென்று செய்யவில்லை. கட்டடத்துக்குப் பின்னால் ஒரு சந்து இருக்கிறது. லாரியைப் பின்பக்கம் நிறுத்தினால் ஏழு கடையும் தப்பிக்கும். ஆனால் சந்து குறுகல். அலுவலகக் கம்ப்யூட்டரில் லாரி திரும்புகிற தடத்தைப் போட்டுப் பார்த்தால் எல்லாம் சிவப்பு; சுவரில் இடிக்கிறது. பச்சை வந்தால்தான் பிளான் போகும். அதனால் அவள் அலுவலக முதலாளியான ஆர்க்கிடெக்ட், “முன்னாலேயே போட்டுடும்மா, வேற வழியில்ல” என்று சொல்லிவிட்டார். இவள் அதை வீட்டில் என்னிடம்கூடச் சொல்லாமல் மூன்று வாரம் தனக்குள்ளேயே வைத்துக் குமைந்துகொண்டிருந்திருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் பிளானை விரித்தாள். இவளுக்குக் கம்ப்யூட்டர் மேல் முழு நம்பிக்கை கிடையாது. அட்டையில் ஒரு லாரி வெட்டி வைத்திருக்கிறாள், என் லாரியின் அளவுக்கே, கட்டைவிரல் நீளத்தில். விதிப் புத்தகம் சொல்லும் ஏழரை மீட்டர் லாரியும் என் வண்டியும் ஒரே அளவு. அதை விரலால் தள்ளித் தள்ளி, பென்சிலால் தடம் போட்டுக்கொண்டே போவாள். வாயால் லேசாக ‘உர்ர்ர்’ என்று சத்தம்கூட வரும், அவளுக்கே தெரியாது. அன்று சத்தம் வரவில்லை. சந்துக்குள் போகிறாள், ரிவர்ஸ் எடுக்கிறாள், இடிக்கிறாள். போகிறாள், எடுக்கிறாள், இடிக்கிறாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. “ஏண்டி, செங்குத்தா நேரா சொருகுறியே, எந்த டிரைவர் அப்படிப் போடுவான்? தள்ளு!” என்று அட்டை லாரியைப் பிடுங்கி, சந்தில் கொஞ்சம் முன்னால் கொண்டுபோய், சாய்வாகப் பின்னால் தள்ளிக் காட்டினேன். “இப்படி. சாய்ச்சு. உன் கட்டம்தான் நேரா நிக்குது, எங்க வண்டியில்ல.”

அவள் அட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “சாய்ச்சு...” என்றாள். அப்புறம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, “சாய்ச்சுங்க! கட்டத்தையே சாய்ச்சுட்டா?” என்று கத்தினாள் பாருங்கள், பக்கத்து வீட்டில் ஜன்னல் திறந்தது. அங்கேயே அழித்து, கட்டத்தைச் சாய்த்து வரைந்தாள். ஒரு காருக்கான இடம் போயிற்று. அதையும் கார்களின் கடைசி வரிசையைச் சுவரோரமாகத் திருப்பிப் போட்டு மீட்டுவிட்டாள். அட்டை லாரி வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. “போயிடுச்சு! போயிடுச்சுங்க!” என்று என் தோளில் ஓங்கி ஓர் அடி. வலித்தது. ஆனால் அந்த அடிக்காக நான் தினமும் தோளைக் காட்டுவேன்.

புதன்கிழமை ஆர்க்கிடெக்ட் பார்த்தார். கம்ப்யூட்டர் இதற்கும் சிவப்புதான் காட்டியது, ஆனால் கொஞ்சூண்டு சிவப்பு. மாநகராட்சி அனுமதிப் பிரிவு அதிகாரி பிளானை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “காகிதத்துல எதுவும் போகும்மா. நெசத்துல போகுமா? வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நான் வரேன். லாரியைக் கொண்டாந்து ஒரே ரிவர்ஸ்ல உள்ள போட்டுக் காட்டுங்க. போனா இந்த பிளான் பன்னெண்டு மணிக் கூட்டத்துக்குப் போகும். இல்லேன்னா பழைய பிளான்தான் போகும்” என்றார். பழைய பிளான் என்றால் அக்கா கடை காலி. நிஜ லாரி யாருடையது? என்னுடையதுதான். இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை. கட்டடத்தின் பின்பாதியில் பழைய கிடங்கு இருந்ததை ஏற்கெனவே இடித்துவிட்டார்கள், வெறும் தரை. என் பெண்டாட்டி விடிந்ததும் போய்ச் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டிருந்தாள். தூண் வரும் இடங்களில் காலி பெயின்ட் டிரம் வைத்திருந்தாள். வலப்பக்கத் தூணுக்கு ஒட்டினாற்போல இன்னொரு நீளக் கோடு. அது புதுக் கட்டடத்தில் அக்கா கடைக்கு வரப்போகும் பின்சுவர். அதிகாரி குடையோடு வந்தார். ஆர்க்கிடெக்ட் நகம் கடித்துக்கொண்டிருந்தார். அக்கா கடையின் பின்வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான்கு நாளாக என் பெண்டாட்டியோடு பேச்சில்லை.

நான் வண்டியைச் சந்துக்குள் விட்டேன். மூக்கு எதிர்ச்சுவருக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. ரிவர்ஸ் போட்டேன். இடது கண்ணாடி, வலது கண்ணாடி, இடது, வலது. கழுத்தில் வியர்வை ஓடுகிறது. ஒடித்தேன், நிமிர்த்தினேன், மெள்ள, மெள்ள... வலது டிரம் கண்ணாடியில் பெரிதாகி வந்தது, உரசாமல் நழுவிப் போனது. பின்சக்கரம் கோட்டில். பிரேக்!

“அட்றா சக்கை!” என்று ஆர்க்கிடெக்ட் கத்தினார். ஆர்க்கிடெக்ட்! கோட்டுப் போட்ட மனுஷன்! அக்கா கையை அவிழ்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அதிகாரி பைக்குள் கையைவிட்டுப் பேனாவை எடுத்தார். நான் இறங்கி ஓடிவந்தேன். என் பெண்டாட்டி மட்டும் டிரம் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, வண்டிக்கும் டிரம்முக்கும் நடுவில் நாடாவைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டிரம்மை அளந்தாள். முகம் வெளுத்துவிட்டது.

“சார், கையெழுத்துப் போடாதீங்க.”

எல்லாரும் திரும்பினோம்.

“தப்பு சார். என் தப்பு. நான் மையக்கோடு பிளான்ல வேலை பார்த்திருக்கேன். அதுல தூணுக்கெல்லாம் வெறும் கூட்டல் குறிதான் இருக்கும், தடிமன் இருக்காது. அந்தக் குறி மேலதான் டிரம்மை வெச்சேன். டிரம் முப்பது சென்டிமீட்டர். நெசத் தூண் அறுபது. வண்டிக்கும் டிரம்முக்கும் நடுவுல பத்துதான் இருக்கு. தூண் இன்னும் பதினஞ்சு வெளிய வரும். இடிக்கும் சார்.”

அக்கா பாய்ந்து வந்தாள்.

“ஏய்! அவரே கேக்கலையே! உன்னை யாரு கேட்டா? பேனாவை எடுத்துட்டாரு மனுஷன்! உனக்கு என்னடி அப்படி என் மேல கோவம்?”

“அண்ணி, கோவமெல்லாம்...”

“வாய மூடு!”

எனக்கும் கோபம் வந்ததா என்று கேட்டால், வந்தது. மறைப்பானேன். இரண்டு நிமிஷம் பேசாமல் இருந்திருந்தால் முடிந்திருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். மணி பத்தே முக்கால். “தூண் அளவுக்கு ஏதாவது வெச்சு இன்னொரு தடவை காட்டுங்க. இடிச்சா அவ்வளவுதான்” என்றார்.

அக்கா கடையிலிருந்தே பேப்பர் வரும் அட்டைப்பெட்டிகளை எடுத்து வந்து டிரம்மைச் சுற்றி அடுக்கினோம். அறுபதுக்கு அறுபது. இப்போது வாசல் வாயை இறுக்கி மூடிக்கொண்டது. நான் மறுபடி சந்துக்குப் போனேன். இன்னும் கொஞ்சம் இடது பக்கம் தள்ளி வரலாமா என்று பார்த்தேன். மூக்கு எதிர்ச்சுவரில் முட்டும். வேறு வழியில்லை, அதே தடம்தான். மெள்ள, மெள்ள... ‘சடக்’. வலப்பக்கப் பெட்டி நசுங்கியது.

ஆர்க்கிடெக்ட் திரும்பி நின்றுகொண்டார். அதிகாரி பேனாவைப் பைக்குள் போட்டு, “சரிம்மா. உண்மையைச் சொன்னீங்க, சந்தோஷம். பழைய பிளானே போகட்டும்” என்றார். அவர் குரலிலும் சந்தோஷம் இல்லை.

என் பெண்டாட்டி நசுங்கிய பெட்டியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “வலப்பக்கத் தூண் மட்டும் ஒரு அடி உள்ள போனா வண்டி தாராளமா போகும் அண்ணி. மேல தாங்குற பீமுக்கும் ஒண்ணும் ஆகாது, பெட்டி அடுக்கும்போதே எங்க ஆர்க்கிடெக்ட் சாரைக் கேட்டுட்டேன். ஆனா தூணும் உங்க பின்சுவரும் ஒரே கோட்டுல வருது. தூண் போனா சுவரும் போகும். அது உங்க எடம். அதை நான் தொட மாட்டேன். ஏற்கெனவே ஒரு தடவை உங்களைக் கேக்காம கோடு போட்டுட்டேன்.”

அக்கா அசையவில்லை. அந்தப் பின்சுவரை ஒட்டித்தான் பெரிய மெஷின் நிற்கும் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஒரு அடி என்பது சொல்லத்தான் சின்னது. அவள் கோட்டைப் பார்த்தாள். தன் கடையின் பின்வாசலைப் பார்த்தாள். விறுவிறுவென்று நடந்து வந்து, பெட்டிகளைக் காலால் ஒதுக்கி, டிரம்மை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துத் தூக்கினாள்.

“எவ்வளவு? இங்கயா?”

“அண்ணி...”

“இங்கயான்னு கேட்டேன்!”

“இன்னும் ஒரு நாலு விரல்.”

வைத்தாள். பெட்டிகளை அவளே அடுக்கினாள். சுண்ணாம்புக் கோட்டைச் செருப்பால் தேய்த்து அழித்தாள். “டேய் தம்பி! என்னடா பார்த்துக்கிட்டு நிக்கிற? ஏறு வண்டியில! மணி பதினொண்ணேகால்!”

ஏறினேன் சாமி, பறந்து ஏறினேன். சந்து, ரிவர்ஸ். இந்தத் தடவை அக்காவே வண்டிக்குப் பின்னால் நின்று கத்துகிறாள். “வா, வா, வா! வரட்டும்! ரைட்ல ஒடி! இன்னும் ஒடிடா! வா, வா... நேரா! நேரா வா!” அந்தப் பக்கம் என் பெண்டாட்டி தூணுக்கு அருகில் மண்டியிட்டு, “போகுதுங்க! போகுது! இருபது... இருபத்தஞ்சு இருக்கு!” என்று அலறுகிறாள். எனக்குக் கண்ணாடியே வேண்டியிருக்கவில்லை. வண்டி தானாகப் போவதுபோல் உள்ளே போய்க் கோட்டில் நின்றது. நான் ஹாரனை அழுத்தினேன், விடவே இல்லை. ஆர்க்கிடெக்ட் குதித்தார். அதிகாரி குடையால் தரையைத் தட்டிச் சிரித்தார். மனுஷனுக்குப் பல் இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது.

அவரே நாடாவைப் பிடித்து நாலு பக்கமும் அளந்தார். பிளானில் சிவப்பு மையால் தூணை நகர்த்திக் குறித்தார். “கடைக்காரம்மா, கடை ஒரு அடி குறையுதுன்னு சம்மதம் எழுதணும்” என்றார். அக்கா வண்டியின் மட்கார்டு மேல் தாளை வைத்து எழுதினாள். அதிகாரியும் அதன் கீழே கையெழுத்துப் போட்டார். “கூட்டத்துக்கு ஏழு பிரதி வேணும், பன்னெண்டுக்குள்ள” என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்தார்.

அக்கா பேனாவை மூடிக்கொண்டே என் பெண்டாட்டியிடம் வந்தாள். குரல் இறங்கியிருந்தது.

“ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. முதல் தடவை வண்டி போயிடுச்சு. யாருக்கும் தெரியாது. நீ பேசாம இருந்திருந்தா என் கடை முழுசா கெடைச்சிருக்கும். ஏன் சொன்ன?”

என் பெண்டாட்டியின் கையெல்லாம் சுண்ணாம்பு. அந்தக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“கட்டி முடிச்ச அப்புறம் எல்லா டிரைவரும் அந்தத் தூணைத்தான் இடிப்பாங்க அண்ணி. ஒரு நாள் இல்லேன்னா ஒரு நாள் சுவரே உள்ள வந்துடும். சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின். மெஷினுக்கு முன்னால நீங்கதானே நிப்பீங்க?”

அக்கா முந்தானையை எடுத்து என் பெண்டாட்டியின் கன்னத்துச் சுண்ணாம்பை அழுத்தித் துடைத்தாள், குழந்தைக்குத் துடைப்பதுபோல, கொஞ்சம் முரட்டுத்தனமாகவே. “அழாத. மூக்கை உறிஞ்சாத. ஏழு பிரதி எடுக்கணும், வா” என்று அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு கடைக்குள் ஓடினாள். நான் வண்டியைக் கட்டத்திலேயே விட்டுவிட்டுப் பின்னால் ஓடினேன்.